பொன்னுருக்குக்கு முன் மச்சானின் இரத்தத்தையும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, சுன்னாகம். களைப்பு என்று டொக்டரிடம் போனபோது எச்பி 10.4 என்றார்கள். எட்டு மாதமாக இரும்புச்சத்துக் குளிசை போட்டும் அது ஏறவில்லை. போன மாதம் செய்த பரிசோதனையில் ‘பீற்றா தலசீமியா காவி’ என்று எழுதித் தந்தார்கள். அம்மாவின் தம்பி மகனைத்தான் எனக்குப் பேசியிருக்கிறது. தை பிறந்ததும் பொன்னுருக்கு. “சொந்தத்துக்குள்ளை செய்யிறதுக்கு என்னத்துக்கு உந்தச் சோதினையெல்லாம்? எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒரு வருத்தமும் இல்லை” என்கிறா அம்மா. கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள், உமிழ்நீரில் பரம்பரையலகு பார்க்கிற பெட்டி இரண்டு அனுப்புகிறேன், இரண்டு பேரும் செய்யுங்கோ என்கிறா. எனக்கு இருப்பது நோயா? அந்தப் பெட்டி போதுமா? பிள்ளைகளுக்கு என்ன ஆகும்? றிப்போட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மறுமொழி, பிறகு விளக்கம். உங்களுக்கு நோய் இல்லை. தலசீமியா என்பது ஒரு பரம்பரை இரத்த நோய்; காவி என்றால் அதற்கான பிழைத்த பரம்பரையலகின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர். அந்தப் பெட்டி போதாது. அது வருமட்டும் காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமைக்குள் உங்கள் மச்சான் ஒரு சின்னக் குழாய் இரத்தம் கொடுக்கட்டும். அந்த முடிவு கைக்கு வராமல் பொன்னுருக்குக்கு நாள் வைக்க வேண்டாம்.

உங்கள் றிப்போட்டை வரிவரியாகப் பார்ப்போம். எட்டு மாதம் வீணாகப் போனதற்கான காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. எச்பி, அதாவது ஈமோகுளோபின், 10.4 என்ற இலக்கத்தோடு எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்குக் கீழே செங்குழிய எண்ணிக்கை 5.52 மில்லியன் என்று இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தவருக்குச் செங்குழியம் சிறுக்கும்; எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். உங்களுக்கு எண்ணிக்கை கூடியிருக்கிறது, பருமன் மட்டும் சிறுத்திருக்கிறது. செங்குழியத்தின் சராசரிப் பருமனான எம்.சி.வி 63, அது 80க்குக் குறையக் கூடாது. ஒரு செங்குழியத்திலுள்ள சராசரி ஈமோகுளோபினின் அளவான எம்.சி.எச் 18.8, அது 27க்குக் குறையக் கூடாது. எம்.சி.வியைச் செங்குழிய எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், 11.4 வரும். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை யோசிக்க வேண்டும் என்பது இரத்தப் பரிசோதனையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. அது சந்தேகத்தை எழுப்புமே தவிர முடிவு சொல்லாது. முடிவு அடுத்த தாளில் இருக்கிறது: ஈமோகுளோபினின் ஒரு சிறு வகையான எச்பி ஏ2 5.3 வீதம். 3.5க்கு மேலே போய், செங்குழியமும் சிறுத்திருந்தால் அது பீற்றா தலசீமியாக் காவி.

அதே தாளில் பெரிட்டின் 88. அது உடம்பிலுள்ள இரும்பின் கையிருப்பு. உங்களிடம் தேவைக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் டொக்டரிடம் இந்த இலக்கத்தைக் காட்டி இரும்புக் குளிசையை நிறுத்துவதைப் பற்றிக் கேளுங்கள். காவிகளுக்கு எச்பி பத்து, பதினொன்றில் நிற்பது அவர்களின் இயல்பான நிலை. அதை இரும்பால் உயர்த்த முடியாது, உயர்த்தத் தேவையும் இல்லை. இன்னொன்று: காவியாக இருப்பதால் மட்டும் பெரும்பாலும் களைப்பு வராது. உங்கள் களைப்புக்குத் தைரொயிட், நித்திரைக் குறைவு என்று வேறு காரணம் இருக்கலாம். காரணம் கிடைத்துவிட்டது என்று அந்தத் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஈமோகுளோபினில் அல்பா, பீற்றா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் சோடி சேர்கின்றன. பீற்றாச் சங்கிலிக்கான பரம்பரையலகு 11ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மனித மரபணுத் தொகுதி முழுவதும் ஏறக்குறைய 310 கோடி இரசாயன எழுத்துகள். அதில் இந்தப் பரம்பரையலகு வெறும் 1,600 எழுத்துகள். அதன் பிரதியிலிருந்து தேவையில்லாத இரண்டு துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் மூன்றையும் உடற்கலம் ஒட்டிக்கொள்ளும். தையற்காரர் சோக்கால் கோடு போட்டு வெட்டுவதுபோல, எங்கே வெட்டுவது என்பதற்கும் எழுத்திலேயே அடையாளம் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் மிக அதிகமாகக் காணப்படும் விகாரத்தில், அதாவது எழுத்து மாற்றத்தில், வெட்டி எறிய வேண்டிய முதல் துண்டின் ஐந்தாவது எழுத்து ‘ஜி’யாக இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’யாக இருக்கிறது. அவ்வளவுதான். கோடு மங்கிவிடுகிறது, பெரும்பாலான பிரதிகள் பிழையாக வெட்டப்படுகின்றன, சங்கிலி கொஞ்சமாகத்தான் உருவாகிறது. அதே துண்டின் முதலாவது எழுத்து மாறினால் கோடே அழிந்துபோகும். சங்கிலி உருவாகவே மாட்டாது. உங்களுக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். ஒன்று பிழைத்தாலும் மற்றது வேலை செய்கிறது. அதனால்தான் நீங்கள் 26 வயது வரை ஒரு குறையும் தெரியாமல் இருந்தீர்கள்.

இலங்கையில் நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேர் இப்படிக் காவிகள். இது வந்ததற்கு யாருடைய பாவமும் காரணமில்லை. மலேரியா நிறைந்த நிலங்களில் இந்த விகாரத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தவர்கள் அந்தக் காய்ச்சலில் இறப்பது குறைவாக இருந்தது. அதனால் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. காய்ச்சல் போய்விட்டது, அந்த எழுத்து மட்டும் எங்கள் உடம்பில் தங்கிவிட்டது.

“சொந்தத்துக்குள் செய்வதற்கு என்னத்துக்குச் சோதனை” என்று அம்மா கேட்கிறா. சொந்தம் என்பதால்தான் சோதனை என்பதே மறுமொழி. கணக்கைப் பாருங்கள். உங்களுடைய விகாரம் அம்மாவிடமிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது அம்மாவுக்கு அம்மம்மாவிடமிருந்தோ அம்மப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். அப்படியானால் மாமாவுக்கு அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மாமாவிடமிருந்து மச்சானுக்கு வந்திருக்க நாலில் ஒன்று. ஊரில் யாரோ ஒருவரைக் கட்டினால் அவர் காவியாக இருக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. பரிசோதிக்காமல் பிள்ளை பெற்றால், கடும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு வெளியாளைக் கட்டும்போது 200இல் ஒன்று. மச்சானைக் கட்டும்போது 16இல் ஒன்று. வித்தியாசம் பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

உங்களுக்கு இது அப்பாவிடமிருந்து வந்திருந்தால் கதையே வேறு. அப்போது மச்சானின் வாய்ப்பு வெளியாளின் வாய்ப்புக்கு இறங்கிவிடும், அப்பாவும் அம்மாவும் முன்னரே உறவுக்காரராக இல்லாவிட்டால். யாழ்ப்பாணத்தில் அந்த ‘இல்லாவிட்டால்’ சின்ன விடயமில்லை. ஒரே ஊருக்குள், ஒரே பகுதிக்குள் மூன்று நான்கு தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்கள் பல. ஆகவே ஊகத்தில் நிற்க வேண்டாம். அம்மாவும் அப்பாவும் ஒரு முழுக் குருதிக் கணிப்புச் செய்தால் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் மச்சானின் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மச்சான் செய்ய வேண்டியது இரண்டு: முழுக் குருதிக் கணிப்பு, ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இரண்டுக்கும் ஒரே குத்துத்தான். ஊதா மூடிக் குழாயில் 2 அல்லது 3 மில்லிலீற்றர். வெறுவயிறாகப் போகத் தேவையில்லை. குழாயை உடனே ஏழெட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. கவிழ்க்காமல் விட்டால் சின்னக் கட்டிகள் தோன்றி எண்ணிக்கை பிழைக்கும். தனியார் ஆய்வுகூடங்கள் பலவும் எச்.பி.எல்.சி மாதிரியைக் கொழும்புக்கு அனுப்புகின்றன. அப்படியானால் குளிரூட்டிய பெட்டியில் போகிறதா என்று கேளுங்கள். உறைபெட்டிக்குள் வைக்கக் கூடாது, செங்குழியங்கள் உடைந்துபோகும். கடந்த நான்கு மாதத்துக்குள் அவருக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தந்தவரின் ஈமோகுளோபினையும் சேர்த்துத்தான் இயந்திரம் அளக்கும். பெயரிலும் கவனம் வேண்டும்: படிவத்தில் ‘எச்பி ஏ2’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். சலரோகத்துக்குப் பார்க்கும் ‘எச்பி ஏ1சி’யைச் செய்து கொண்டுவந்தவர்கள் உண்டு.

சில இடங்களில், கணிப்பில் எம்.சி.வி சரியாக இருந்தால் எச்.பி.எல்.சி தேவையில்லை என்பார்கள். பொதுவான ஒருவருக்கு அது சரி. மணமகள் காவி என்று தெரிந்த பிறகு அது சரியில்லை. ஈமோகுளோபின் ‘ஈ’ என்ற இன்னொரு வகை இலங்கையில் இருக்கிறது. அதன் காவிக்கு எம்.சி.வி மட்டுமட்டாகவே இருக்கலாம். அவருக்கும் உங்களுக்கும் பிறக்கும் பிள்ளைக்கும் தலசீமியா வரலாம்.

எச்.பி.எல்.சி றிப்போட்டில் ஒரு வரைபடம் இருக்கும். இரத்தத்தை உடைத்து ஒரு மெல்லிய குழலூடாக ஓடவிடுவார்கள். ஒவ்வொரு ஈமோகுளோபினும் தன் நேரத்தில் வெளியே வரும். ஆறேழு நிமிடத்தில் ஒரு மாதிரி முடிந்துவிடும். நடுவில் வானத்தைத் தொடுவதுபோல் நிற்கும் பெரிய முகடு சாதாரண ஈமோகுளோபின் ஏ. அதற்கு வலப்பக்கத்தில் சின்னப் புற்றுப்போல ஏ2. மச்சானின் தாளில் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சின்னப் புற்றைத்தான். அது 2க்கும் 3.2க்கும் இடையில் நின்று, எம்.சி.வி 80க்கும் எம்.சி.எச் 27க்கும் மேலே இருந்தால் கவலையை விடலாம். 4, 5 என்று இருந்தால் அவரும் காவி. 25, 30 வீதம் என்று வந்தால் பயந்து இயந்திரப் பிழை என்று நினைக்க வேண்டாம்: ஈமோகுளோபின் ‘ஈ’ அதே நேரத்தில்தான் வெளியே வரும், அதே புற்றில் ஏறி உட்காரும். அவர் ‘ஈ’ காவி என்று பொருள்.

தொல்லை தருவது இடைப்பட்ட முடிவுகள்தான். எம்.சி.வி குறைந்து ஏ2 சரியாக இருந்தால், முதலில் பெரிட்டின் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு ஏ2வைக் கீழே இழுத்துக் காவியை மறைத்துவிடும். குறைவு இருந்தால் மூன்று மாதம் குளிசை போட்டு மீண்டும் எச்.பி.எல்.சி செய்ய வேண்டும். காய்ச்சலோ அழற்சியோ உள்ள நேரம் பெரிட்டின் பொய்யாக ஏறும். அந்த நேரம் அளக்க வேண்டாம். இரும்பு சரியாக இருந்தும் எம்.சி.வி குறைந்திருந்தால் அல்பா தலசீமியாவாக இருக்கலாம். அது 16ஆவது நிறமூர்த்தத்தின் விடயம், உங்கள் பீற்றாவோடு சேர்ந்து பிள்ளைக்குக் கடும் நோயைத் தராது. ஆனால் ஏ2வை உயர்த்தாத பீற்றா விகாரங்களும் அரிதாக உண்டு. ஏ2 3.3க்கும் 3.8க்கும் இடையில் ஊசலாடினாலும் இதே சிக்கல். விற்றமின் பி12 குறைந்தவருக்கும் அது சற்று ஏறும். இந்த இடத்தில்தான் பரம்பரையலகின் எழுத்தையே வாசிக்க வேண்டிய தேவை வருகிறது. வாசிப்பது ஊகத்தைத் தீர்ப்பதற்கு, முதற்படியில் செய்வதற்கல்ல.

அக்கா அனுப்பும் பெட்டி எழுத்தை வாசிப்பதில்லையா என்று கேட்பீர்கள். வாசிக்கிறது, ஆனால் புள்ளி புள்ளியாக. அவ்வகைப் பெட்டிகளின் மாதிரியை வாசிக்கும் மரபணுச் சில்லுகள் 310 கோடி எழுத்துகளில் ஆறேழு இலட்சம் இடங்களைத்தான் பார்க்கின்றன. சராசரியாக ஐயாயிரம் எழுத்துக்கு ஒன்று. ஏ9 வீதியில் தொலைந்த மோதிரத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி மட்டும் ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை இறங்கி, கால் வைத்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏறித் தேடுவதுபோல. முழுப் பரம்பரையலகும் 1,600 எழுத்துத்தான் என்று சொன்னேனே. தலசீமியாவுக்கென்று சில இடங்களைக் குறிவைத்துச் சேர்த்திருந்தாலும், அவை எங்கள் ஆட்களிடம் உள்ளவையா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மனிதரின் மரபணு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். சில்லுகளும் அந்த அறிவை வைத்தே அமைக்கப்பட்டவை. ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியைப் பார்த்து மச்சானுக்கு ஒன்றுமில்லை என்று முடிவெடுத்தால் அது ஆபத்து. பெருந்தொகை செலவழித்துச் செய்யும் முழு மரபணுத் தொகுதி வாசிப்பும் இந்தக் கேள்விக்கு முதற்படி அல்ல. அதில் ‘பொருள் தெரியாத மாறுபாடு’ என்று பல வரிகள் வரும்; அவற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு குடும்பமும் நித்திரையில்லாமல் திரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத் தொகுதிகள் என்ற சர்வதேசத் திட்டத்தில் 26 மக்கட்கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். அவர்களில் 102 பேர் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். உலகத்தில் எங்கிருந்தும் ஒரு விஞ்ஞானி இன்று அந்த எழுத்துகளை எடுத்து ஒப்பிடலாம். எங்கள் சனத்தின் எழுத்து உலகப் புத்தகத்தில் இருக்கிறது என்பது நல்ல தொடக்கம். ஆனால் 102 பேர் போதாது. வடக்கிலேயே மாணவர்கள் இந்தத் துறையைப் படித்து, இங்குள்ள நோயாளரிடம் எந்த விகாரம் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். அது எழுதப்படும் வரை பெட்டியை அல்ல, எச்.பி.எல்.சியின் அந்தச் சின்னப் புற்றை நம்புங்கள்.

மச்சானும் காவி என்றால் என்ன? ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழைத்ததாகப் போகும். முதல் பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்பதில்லை; ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சீட்டு எடுக்கப்படுகிறது. அந்தப் பிள்ளை பிறக்கும்போது கொழுகொழு என்றே இருக்கும், ஏனென்றால் கருவிலிருக்கும் காலத்து ஈமோகுளோபினுக்குப் பீற்றாச் சங்கிலி தேவையில்லை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளிறும், வயிறு பெருக்கும். பிறகு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. அதை வெளியேற்ற உடம்பில் வழி இல்லை. இதயத்திலும் ஈரலிலும் படியும். அதற்காக வாரத்தில் ஐந்து இரவு, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் தோலுக்கடியில் ஊசிப் பம்பு, அல்லது நாளாந்தம் வாயால் எடுக்கும் மருந்து. குருநாகலில் இதற்கென்று தேசிய தலசீமியா நிலையமே இருக்கிறது. ஒழுங்காக மருந்தெடுப்பவர்கள் இன்று வளர்ந்து படித்து வேலைக்கும் போகிறார்கள். ஆனால் அது எளிய வாழ்வில்லை.

மருந்து வந்துவிட்டதாமே என்று யாராவது சொல்வார்கள். வந்திருக்கிறது. கருக்கால ஈமோகுளோபினை அணைத்துவைக்கும் ஆளி போன்ற ஒரு பரம்பரையலகை 2007, 2008 அளவில் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். நோயாளியின் சொந்த என்புமச்சைக் கலங்களை எடுத்து, அந்த ஆளியை வெட்டி, திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா உலகில் முதலாவதாக அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதற்கு 22 இலட்சம் டொலர் என்று விலை வைத்தார்கள். அதை நம்பி இன்று கலியாணம் செய்ய முடியாது.

கருவிலேயே பார்க்கலாம்: 11 முதல் 14 கிழமைக்குள் சூல்வித்தகத்திலிருந்து சிறு துண்டெடுத்து, அல்லது 15 கிழமைக்குப் பிறகு பனிக்குட நீரில். அதற்கு முன்னரே உங்கள் இருவருடைய விகாரமும் எந்த எழுத்து என்று தெரிந்திருக்க வேண்டும். கரு வந்த பிறகு தேடத் தொடங்கினால் கிழமைகள் ஓடிவிடும். அதோடு, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இங்கு கருக்கலைப்புக்கு இடமுண்டு. பிள்ளைக்குத் தலசீமியா என்பது சட்டத்தில் காரணமில்லை. ஆகவே இலங்கையில் வாழும் சோடிக்கு மெய்யான தெரிவுக் காலம் கலியாணத்துக்கு முந்தியதுதான். இருவரும் காவி என்று வந்தால் இந்தக் கலியாணத்தை நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து. நிறுத்துவதா, பிள்ளையைத் தத்தெடுப்பதா, வெளிநாட்டில் கருப்பைக்கு வெளியே உருவாக்கிய முளையத்தை முன்னரே பரிசோதிப்பதா என்பது உங்கள் இருவருடைய முடிவு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவில் இதற்கென்று ஆலோசனை பெறலாம். போகும்போது இருவருடைய தாள்களையும் கொண்டுபோங்கள்.

அவர் காவி இல்லை என்றால் தலசீமியாவைப் பற்றிய பயத்தை விடுங்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உங்களைப்போல ஒரு பிரதி போகலாம், அவ்வளவுதான். மச்சான் மச்சாள் கலியாணத்துக்கு வேறு அபாயமும் உண்டு: பொதுவாக நூறு பிறப்பில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக்குறை இருக்கும், அதற்கு மேல் இன்னும் இரண்டு மூன்று கூடும். அதைக் குறைக்க ஒரு வழி, அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் உட்கார்ந்து வம்சப் படம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு, காவிக்குப் பாதிக் கறுப்பு. மூன்று தலைமுறை போதும். குழந்தையிலேயே இறந்தவர்களை விட்டுவிடாதீர்கள். “காய்ச்சலில் போனது”, “இடப்பெயர்வுக்குள்ளை போனது” என்று சொல்லப்படும் குழந்தைகளின் வயது என்ன, வெளிறி இருந்ததா, காது கேட்டதா, நடந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். “பரம்பரையிலை ஒரு வருத்தமும் இல்லை” என்ற சொல்லுக்குள் அப்படி ஒரு குழந்தை இருக்கலாம்.

அம்மாவிடம் பேசும்போது மச்சானின் சோதனையில் தொடங்காதீர்கள். அது மாமா வீட்டில் குறை தேடுவதாகப் படும். “எனக்கு இது எந்தப் பக்கத்தாலை வந்தது எண்டு பாக்கச் சொல்லுகினம், நீங்களும் அப்பாவும் ஒருக்கா இரத்தம் குடுங்கோ” என்று தொடங்குங்கள். அம்மாவின் எம்.சி.வி அறுபதுகளில் வந்தால் மாமா வீட்டுக்கு அம்மாவே போவா. அம்மா கொஞ்சமும் இளகாவிட்டால் மச்சானிடம் நீங்களே நேரே சொல்லுங்கள். 2 மில்லிலீற்றர் இரத்தம் கொடுக்க அவருக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக உங்களுடைய ஏ2 தாளைப் பற்றி. படம் எடுத்துத் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரித்து முதல் கிளினிக்குக்குப் போகும்போது அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். எச்பி குறைவைப் பார்த்து மறுபடியும் இரும்பை இரட்டிப்பாக்கப் பார்ப்பார்கள்; பெரிட்டின் பார்த்த பிறகே கூட்டச் சொல்லுங்கள். சலரோகத்துக்கு ஏ1சி பார்த்தாலும் இதைச் சொல்லுங்கள், காவிகளுக்கு அந்த இலக்கம் சில நேரம் ஏமாற்றும். உங்களுக்குத் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்களுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. சாதகம் எடுக்க முன்னரே அவர்களுடைய எச்.பி.எல்.சியும் எடுத்து முடியட்டும்.